பழைய இரும்புக்குப் போன தறிகளும் உங்கள் டீமேட் கணக்கும்

நூற்பாலையும் விசைத்தறியும் சோறு போட்ட ஊர்களிலிருந்து பங்குச் சந்தைக்கு வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,



கோவை, சோமனூர், பல்லடம், திருப்பூர், ராஜபாளையம் என்று நம் பக்கத்து ஊர்களில் டீமேட் கணக்கு வைத்திருக்கும் பிள்ளைகளை இப்போது தெருவுக்குத் தெரு பார்க்கிறேன். 2020 மார்ச்சில் நாடு முழுவதும் சேர்த்தே சுமார் 4 கோடி டீமேட் கணக்குகள்தான் இருந்தன. நான்கே ஆண்டுகளில் அது 15 கோடியைத் தாண்டிவிட்டது. சீட்டு, நகை, மனை என்று போய்க்கொண்டிருந்த பணம் தொழில்களின் பக்கம் திரும்புவது நல்லதுதான். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

குறை வேறொன்றில். நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், உறவுக்காரப் பிள்ளைகளும் அவர்களின் நண்பர்களும் போனை நீட்டிக்கொண்டு வருகிறார்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “மாமா, இந்த ஷேர் உச்சத்திலிருந்து பாதியாக இறங்கிருச்சு. மலிவாத்தானே இருக்கு, வாங்கலாமா?” அந்தக் கம்பெனி என்ன செய்கிறது, போன வருடம் என்ன சம்பாதித்தது, யாருக்கு எவ்வளவு கடன் தர வேண்டும் என்று கேட்டால் முழிக்கிறார்கள். இதே பிள்ளைகளின் வீட்டில் ஒரு பழைய தறி வாங்குவதென்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஃபிட்டரைக் கூட்டிக்கொண்டு போய், ஓட்டிப் பார்த்து, ஷிஃப்டுக்கு எத்தனை மீட்டர் வரும், உதிரிபாகம் கிடைக்குமா, கரண்ட் பில்லும் கூலியும் போகக் கையில் என்ன நிற்கும் என்று நாலு நாள் விசாரித்த பிறகுதான் முன்பணம் கொடுப்பார்கள். கம்பெனியில் பங்குதாரர் ஆகும் முடிவு மட்டும் டீ ஆறுவதற்குள் எடுக்கப்படுகிறது.

இறங்கிய விலை வேறு, குறைந்த விலை வேறு. மதிப்பு முதலீடு என்று உலகம் முழுக்கப் பேசப்படும் வழியின் அடிப்படை இந்த வேறுபாடுதான். அதை எழுதி வைத்தவர் பெஞ்சமின் கிரஹாம். 1894-ல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக நியூயார்க் போய்ச் சேர்ந்தவர். 1929-ல் தொடங்கி 1932 வரை நீண்ட சரிவில் அவர் நிர்வகித்த நிதி சுமார் 70 சதவீதம் கரைந்தது. அவ்வளவு அடி வாங்கிய பிறகுதான், 1934-ல், டேவிட் டாடுடன் சேர்ந்து ‘செக்யூரிட்டி அனாலிசிஸ்’ நூலை வெளியிட்டார். சாதாரண வாசகர்களுக்கான ‘தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்’ 1949-ல் வந்தது. அவர் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: பங்கு என்பது ஒரு தொழிலில் உனக்குள்ள பாகம். அந்தத் தொழிலுக்கு ஒரு மதிப்பு உண்டு. அதைத் துல்லியமாகச் சொல்ல யாராலும் முடியாது, தோராயமாகக் கணக்கிடலாம். கணக்கிட்டதைவிட நன்றாகக் குறைத்து வாங்கு. உன் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் அந்த இடைவெளி உன்னைக் காப்பாற்றும். இந்த இடைவெளிக்கு அவர் வைத்த பெயர் ‘மார்ஜின் ஆஃப் சேஃப்டி’.

கேட்பதற்கு எளிது. கிரஹாம் இதை எப்படிச் செய்தார் என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. 1926-ல் அவருக்கு முப்பத்திரண்டு வயது. ரயில்வே கம்பெனிகளை மேற்பார்வையிடும் அமெரிக்க அரசு ஆணையத்தின் ஆண்டறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதில் எண்ணெய்க் குழாய்க் கம்பெனிகளைப் பற்றிய புள்ளிவிவரங்கள் கண்ணில் பட்டன. ராக்பெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் 1911-ல் நீதிமன்ற உத்தரவால் உடைக்கப்பட்டபோது தனியாகப் பிரிந்த சின்னக் கம்பெனிகள் இவை. பங்குதாரர்களுக்கு அவை அனுப்பும் கணக்கு ஒரு துண்டுச் சீட்டு அளவுக்குத்தான் இருக்கும். ஆனால் அரசுக்கு விரிவான கணக்கு கொடுத்தாக வேண்டும். கிரஹாம் ரயில் ஏறி வாஷிங்டன் போனார், அலுவலகத்தில் உட்கார்ந்து அந்தக் கோப்புகளைக் கேட்டு வாங்கிப் படித்தார். நார்தர்ன் பைப் லைன் என்ற கம்பெனியின் பங்கு அப்போது 65 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனியோ தன் குழாய்த் தொழிலுக்குத் தேவையே இல்லாத ரயில்வே கடன்பத்திரங்களையும் பிறவற்றையும் பங்குக்கு 95 டாலர் அளவுக்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தது. கடன் கிடையாது. குழாய்த் தொழில் இலவச இணைப்பு.

இந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்திருக்கலாம். வால் ஸ்ட்ரீட்டில் ஒருவரும் போகவில்லை.

கம்பெனியில் இருந்த 40,000 பங்குகளில் 2,000 பங்குகளைக் கிரஹாம் சேர்த்துக்கொண்டு, உபரிப் பணத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள் என்று நிர்வாகத்திடம் போனார். உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் விற்றுவிட்டுப் போங்கள் என்ற ரீதியில் பதில் வந்தது. 1927 ஜனவரியில் பென்சில்வேனியாவின் ஆயில் சிட்டி என்ற சின்ன ஊரில் நடந்த ஆண்டுக் கூட்டத்துக்கு அவர் போனபோது, அங்கே வெளியாள் அவர் ஒருவர்தான். தன் கோரிக்கையைப் படிக்க எழுந்தார். வழிமொழிய ஆள் இல்லை என்று உட்கார வைத்துவிட்டார்கள். அவர் விடவில்லை. ஒரு வருடம் அலைந்து மற்றப் பங்குதாரர்களின் வாக்குரிமைக் கடிதங்களைத் திரட்டி, அடுத்த கூட்டத்துக்கு வக்கீலோடு போய், ஐந்து இயக்குநர் இடங்களில் இரண்டைப் பிடித்தார். கடைசியில் கம்பெனி பங்குக்கு 70 டாலர் பிரித்துக் கொடுத்தது. 65 டாலர் கொடுத்து வாங்கியவருக்குப் போட்ட பணத்துக்கு மேலேயே திரும்ப வந்துவிட்டது. பங்கும் கையில் இருந்தது.

இந்தக் கதையைக் கேட்டதும் நம் பிள்ளைகள், கையில் பணம் அதிகமாக வைத்திருக்கும் கம்பெனிகளாகத் தேடிப் பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். கிரஹாம் பார்த்தது அரசு ஆணையத்திடம் கொடுக்கப்பட்ட, பத்திரம் பத்திரமாக விவரம் உள்ள கணக்கு. நம் நாட்டில் 2009 ஜனவரி 7-ஆம் தேதி என்ன நடந்தது? சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய பணத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். பங்கு ஒரே நாளில் முக்கால் பாகத்துக்கு மேல் விழுந்தது. அதற்கு முந்தைய நாள் வரை அந்தக் கணக்குகளில் உலகப் பெயர் பெற்ற ஆடிட் நிறுவனத்தின் கையெழுத்து இருந்தது. ஆகவே மதிப்பைக் கணக்கிடும் வேலையில் முதல் பாதி, எதிரே இருக்கும் மனிதர்களின் நாணயத்தைக் கணக்கிடுவது. அதற்குச் சூத்திரம் கிடையாது, அடையாளங்கள் உண்டு. பின்னால் சொல்கிறேன்.

இப்போது நம் தொழிலுக்கு வருகிறேன். வாரன் பஃபெட்டின் பெயரைச் சொல்லாத பங்குச் சந்தை வீடியோ இல்லை. ஆனால் அவர் நடத்திய பெர்க்ஷைர் ஹாத்வே எங்கிருந்து வந்த பெயர் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. அது ஒரு பஞ்சாலை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நியூ பெட்போர்டு என்ற மில் ஊர், நம் கோவை மாதிரியே. கோட்டுகளுக்கு உள்ளே தைக்கும் லைனிங் துணி அவர்களின் முக்கியச் சரக்கு. 1955-ல் இரண்டு பழைய ஜவுளிக் கம்பெனிகள் இணைந்து உருவானது. அடுத்த ஒன்பது ஆண்டுகளில் மொத்தம் 53 கோடி டாலருக்கு விற்று, 1 கோடி டாலர் நஷ்டப்பட்டது. ஒவ்வொன்றாக மில்லை மூடுவதும், வந்த பணத்தில் தன் பங்கையே திரும்ப வாங்குவதுமாக இருந்தது.

கிரஹாமின் மாணவரான பஃபெட் 1962 டிசம்பரில் அந்தப் பங்கை 7.50 டாலருக்கு வாங்க ஆரம்பித்தார். நடைமுறை மூலதனம் மட்டும் பங்குக்கு 10 டாலருக்கு மேல், புத்தக மதிப்பு 20 டாலர். கிரஹாம் பாடப்படி அசல் மலிவு. 1964-ல் நிர்வாகத்தை நடத்தி வந்த சீபரி ஸ்டான்டன், பதினொன்றரை டாலருக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று வாய்ப்பேச்சில் சொல்லிவிட்டு, கடிதத்தில் எட்டில் ஒரு டாலரைக் குறைத்துப் போட்டார். பஃபெட்டுக்கு வந்தது கோபம். விற்க வேண்டியவர் மேலும் மேலும் வாங்கி, 1965-ல் மில்லையே கைப்பற்றி, ஸ்டான்டனை வெளியேற்றினார். பன்னிரண்டரை சென்ட் விவகாரம்!

பிறகு இருபது ஆண்டுகள் அந்த மில்லை நடத்திப் பார்த்தார். கென் சேஸ் என்ற திறமையான, நேர்மையான நிர்வாகி கிடைத்தார். தொழிலாளர்களும் ஒத்துழைத்தார்கள். 1975-ல் மலிவாகக் கிடைத்தது என்று வாம்பெக் என்ற இன்னொரு ஜவுளி மில்லையும் வாங்கினார். எதுவும் எடுபடவில்லை. 1985-ல் மில்லை மூடினார். அந்த ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் அவர் கொடுத்த கணக்கை நம் ஊரில் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். இயந்திரங்களை வாங்கச் செலவானது 1.3 கோடி டாலர். புதிதாக அதே அளவு மில் வைக்க 3 முதல் 5 கோடி டாலர் ஆகும். ஏலத்தில் எல்லாம் சேர்ந்து கிடைத்தது 1,63,122 டாலர். 1981-ல் ஒன்று 5,000 டாலர் கொடுத்து வாங்கிய தறிகளை 50 டாலருக்குக் கேட்க ஆள் இல்லை. கடைசியில் ஒன்று 26 டாலருக்குப் பழைய இரும்பாகப் போயின. கழற்றி ஏற்றும் கூலிக்குக்கூட அது கட்டவில்லை.

இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு நம் பக்கத்துக் கதை ஒன்றைப் பாருங்கள். 1992-ல் பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தா ஏ.சி.சி. சிமென்ட் பங்கைச் சில நூறு ரூபாயிலிருந்து சுமார் 9,000 ரூபாய்க்குத் தூக்கியபோது, அவர் சொன்ன நியாயம் என்ன தெரியுமா? இன்று இதேபோல ஆலை கட்டினால் எவ்வளவு செலவாகும் என்று பார், அதுதான் பங்கின் மதிப்பு என்றார். திருப்பிக் கட்டும் செலவு வேறு, அந்தச் சொத்து சம்பாதித்துத் தரும் பணம் வேறு. சம்பாதிக்காத சொத்துக்கு இரும்பு விலைதான். ‘இந்தக் கம்பெனியின் நிலம் மட்டுமே இத்தனை கோடி பெறும்’ என்று உங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது எழுதினால், அந்த நிலத்தை விற்றுப் பணத்தை உங்களுக்குக் கொடுக்கும் எண்ணம் முதலாளிக்கு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நம் ஊரில் மூடிய மில்களின் நிலத்துக்கு என்ன ஆனது, அதில் சிறு பங்குதாரர்களின் கைக்கு எவ்வளவு வந்தது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

நல்ல நிர்வாகி, மலிவான விலை, புது இயந்திரம் எல்லாம் இருந்தும் பஃபெட்டின் மில் ஏன் தேறவில்லை? மில் வேலை தெரிந்த உங்கள் பெற்றோரைக் கேட்டால் ஒரு வரியில் சொல்வார்கள். ஒரு மில் ஆட்டோகோனர் (தானாக நூல் சுற்றும் இயந்திரம்) போட்டால் ஆள் கூலி மிச்சம், கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதல் லாபம் என்று திட்ட அறிக்கை எழுதுவார்கள். அடுத்த வருடம் பக்கத்து மில்லும் போடும். அதற்கடுத்த வருடம் எல்லோரும். அந்த இரண்டு ரூபாயை நூல் வாங்குகிறவர் பேரம் பேசிக் கொண்டுபோய்விடுவார். கடன் மட்டும் மில்லின் கணக்கில் நிற்கும். போடாமல் இருக்கவும் முடியாது. அதே பஃபெட் கடிதத்தில் பர்லிங்டன் என்ற பெரிய ஜவுளிக் கம்பெனியின் கணக்கும் வருகிறது. 1964-லிருந்து 1985 வரை அது சுமார் 300 கோடி டாலரை இயந்திரங்களில் போட்டது. 1964-ல் 60 டாலராக இருந்த ஒரு பங்குக்கு 200 டாலருக்கு மேல் செலவு. இருபத்தோரு ஆண்டு கழித்துப் பங்கின் விலை 60-க்குக் கொஞ்சம் மேலே. இடையில் விலைவாசி மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருந்தது.

எதிர்ப்பக்கத்தில் சீஸ் கேண்டீஸ். கலிபோர்னியாவின் சாக்லேட் கடைகள். 1972-ல் பஃபெட்டும் அவருடைய கூட்டாளி சார்லி மங்கரும் 2.5 கோடி டாலருக்கு வாங்கினார்கள். தொழிலில் போட்டிருந்த மூலதனம் 80 லட்சம் டாலர்தான். கிரஹாம் அளவுகோலில் இது அநியாய விலை. ஆனால் வரிக்கு முன் லாபம் 50 லட்சம் டாலரை ஒட்டி இருந்தது. பண்டிகைக்குப் பரிசு வாங்க வருகிறவர் இரண்டு டாலர் மலிவு என்று வேறு பெட்டியைத் தேடிப் போவதில்லை. ஆண்டுதோறும் விலையை ஏற்ற முடிந்தது. 2007-ஆம் ஆண்டுக்கான கடிதத்தில் பஃபெட் சொன்ன கணக்கு: முப்பத்தைந்து ஆண்டுகளில் கூடுதலாகப் போட்ட மூலதனம் 3.2 கோடி டாலர், வரிக்கு முன் சம்பாதித்தது 135 கோடி டாலர். அந்தப் பணம்தான் மற்றக் கம்பெனிகளை வாங்கியது. மில்லும் ஒருவகையில் அப்படித்தான் உதவியது. அதிலிருந்து உருவிய பணத்தில் 1967-ல் 86 லட்சம் டாலருக்கு ஒரு காப்பீட்டுக் கம்பெனியை வாங்கினார். பெர்க்ஷைரின் பிற்கால வளர்ச்சி அங்கேதான் ஆரம்பித்தது.

கிரஹாம் தப்பு, பஃபெட் சரி என்று இதிலிருந்து முடிவுகட்டாதீர்கள். கிரஹாமின் மலிவுப் பங்குகளை நிறைய வாங்கிப் பரப்பி வைத்து, விலை சரியானதும் விற்றுவிட்டு வெளியே வர வேண்டும். பஃபெட் பதினொன்றே காலே அரைக்கால் கணக்குப் பார்க்காமல் விற்றிருந்தால் அந்த மில்லிலேயே நல்ல லாபம் பார்த்திருப்பார். அதிலேயே குடியிருக்கப் போனதுதான் வினை. பத்து வருடம் வைத்திருக்கப் போகும் பங்கு என்றால், வாங்கும் விலையோடு அந்தத் தொழில் தன் விலையைத் தானே நிர்ணயிக்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

இதைச் சொன்னதும் நம் ஊர்ப் பிள்ளைகள், “அப்போ மில் ஷேரே வாங்கக் கூடாதா?” என்று கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் எப்போது என்று தெரிய வேண்டும். 2021 தொடக்கத்தில் ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, பஞ்சு நாற்பதாயிரம் ரூபாய்ச் சொச்சத்தில் இருந்தது. 2022 மே மாதத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. சீசனில் பஞ்சை வாங்கிக் குடோனில் அடுக்கிய மில்களுக்கு 2021-22 பொற்காலம். லாபம் எக்கச்சக்கமாக வந்ததால் விலைக்கும் லாபத்துக்கும் உள்ள விகிதம், அதாவது பி/இ, பல மில்களுக்கு ஒற்றை இலக்கத்தில் நின்றது. ஆப்பில் வடிகட்டிப் பார்த்தவர்களுக்கு எல்லாமே மலிவாகத் தெரிந்தது. பாய்ந்து வாங்கினார்கள். அடுத்த ஆண்டு பஞ்சு விலை இறங்கியது, அதிக விலைக்கு வாங்கிய கையிருப்பு கழுத்தை நெரித்தது, ஏற்றுமதி படுத்தது, லாபம் காணாமல் போனது. ஏற்ற இறக்கமுள்ள தொழிலில் பி/இ மிகக் குறைவாகத் தெரியும் நேரமே பெரும்பாலும் ஆபத்தான நேரம். கிரஹாம் ஒரு வருட லாபத்தை வைத்துக் கணக்குப் போடாதே, பல ஆண்டுகளின் சராசரியைப் பார் என்று சொன்னது இதற்காகத்தான். பத்து ஆண்டு லாபத்தைக் கூட்டிப் பத்தால் வகுத்து, அதோடு இன்றைய விலையை ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

கணக்கு எப்படிப் போடுவது என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு தாளில் எழுதிக் காட்டுவது இது. பி/இ 50 என்றால் நீங்கள் கொடுக்கும் நூறு ரூபாய்க்கு அந்தத் தொழில் இப்போது சம்பாதிப்பது 2 ரூபாய். பி/இ 14 என்றால் ஏறத்தாழ 7 ரூபாய். வங்கி டெபாசிட்டில் 7 ரூபாய் கிடைக்கும் காலத்தில் 2 ரூபாய்க்கு ஒப்புக்கொள்கிறீர்கள் என்றால், அந்த 2 ரூபாய் வேகமாக வளரும் என்று நம்புகிறீர்கள். எவ்வளவு வேகமாக, எத்தனை ஆண்டு, ஏன் என்று எழுத முடிகிறதா? எழுத முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் நீங்கள் வாங்குவது அடுத்து வருகிறவர் இன்னும் அதிகம் கொடுப்பார் என்ற நம்பிக்கையை மட்டும்தான்.

ஆண்டறிக்கையைத் திறந்தால் வண்ணப் படங்களையும் தலைவர் உரையையும் கடந்து நேரே பணப்புழக்க அறிக்கைக்குப் போங்கள். ஒரு மில் 40 கோடி லாபம் காட்டுகிறது என்று வையுங்கள். செயல்பாடுகளிலிருந்து வந்த பணம் 3 கோடிதான். மீதி எங்கே? வரவேண்டிய பாக்கியாகவும் சரக்காகவும் கிடக்கிறது. ஒரு வருடம் அப்படி இருந்தால் தொழிலின் இயல்பு. ஐந்து வருடம் தொடர்ந்து அப்படியே இருந்தால் அந்த லாபத்தை நம்பாதீர்கள். கணக்குப் பிரிவில் இருந்தவன் சொல்கிறேன், லாபத்தை எழுதிக் காட்டுவது சுலபம். வங்கியில் பணமாகக் காட்டுவதுதான் கஷ்டம். சத்யம் அதையும் காட்டியது என்பீர்கள். உண்மைதான், அதனால்தான் ஒரே அடையாளத்தோடு நிற்கக் கூடாது. கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் சம்பந்தப்பட்ட தரப்பினருடனான பரிவர்த்தனைகள் என்று ஒரு குறிப்பு வரும். முதலாளியின் மகன் பெயரில் உள்ள கம்பெனிக்கு நூல் போகிறது, பணம் ஆறு மாதமாக வரவில்லை, அதே ஆளுக்குக் கட்டட வாடகை மட்டும் மாதாமாதம் போகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். புரொமோட்டர் தன் பங்குகளை அடமானம் வைத்திருக்கிறாரா, ஆடிட்டர் பாதியில் விலகினாரா, கட்டுமானத்தில் இருப்பதாகக் காட்டும் ஆலை எத்தனை ஆண்டாகக் கட்டுமானத்திலேயே இருக்கிறது, இவற்றையும் பாருங்கள். இதெல்லாம் மும்பை, தேசியப் பங்குச் சந்தைகளின் தளங்களில் காசு செலவில்லாமல் கிடைக்கிறது. கிரஹாம் வாஷிங்டனுக்கு ரயில் ஏறினார், உங்களுக்கு அந்த அலைச்சலும் இல்லை.

விலையைப் பார்த்து மிரள்வது பற்றிக் கிரஹாம் ஒரு ஆளைப் படைத்தார், ‘மிஸ்டர் மார்க்கெட்’ என்று. உங்கள் தொழிலில் அவர் கூட்டாளி. தினமும் வந்து உன் பாகத்தை இந்த விலைக்குக் கொடு, இல்லை என் பாகத்தை எடுத்துக்கொள் என்பார். ஒருநாள் குஷியில் கண்டபடி விலை சொல்வார், ஒருநாள் பயத்தில் அடிமாட்டு விலை சொல்வார். அவர் சொல்வதைக் கேட்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 3,935 புள்ளிகள், 13 சதவீதம் விழுந்தது. ஜனவரியில் 12,400-க்கு மேல் இருந்த நிப்டி அன்று 7,610-ல் முடிந்தது. நவம்பரில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மார்ச்சில் கடன் வாங்கிய பணத்தில் பங்கு வைத்திருந்தவர்கள் விற்றே ஆக வேண்டியிருந்தது. கையில் காசும் படித்து வைத்த பட்டியலும் இருந்தவர்கள் வாங்கினார்கள்.

ஆனால் எல்லா நேரமும் மிஸ்டர் மார்க்கெட் கிறுக்கர் இல்லை. எஸ் பேங்க் 2018 ஆகஸ்டில் 400 ரூபாயை ஒட்டி இருந்தது. அது 200-க்கு வந்தபோது பாதி விலை என்று வாங்கினார்கள், 100-க்கு வந்தபோது சராசரியைக் குறைக்க இன்னும் வாங்கினார்கள். புத்தக மதிப்பைவிடக் கீழே கிடைக்கிறது என்று வாதம் வேறு. வங்கியின் புத்தக மதிப்பு, கொடுத்த கடன்கள் திரும்பி வரும் என்ற அனுமானத்தில் நிற்பது. கடன் வராவிட்டால் மதிப்பும் இல்லை. 2020 மார்ச் 5-ல் ரிசர்வ் வங்கி பணம் எடுக்கக் கட்டுப்பாடு போட்டது. பங்கு 20 ரூபாய்க்குக் கீழே போனது. மீட்புத் திட்டத்தில், நூறு பங்குகளுக்கு மேல் வைத்திருந்தவர்களின் முக்கால் பாகப் பங்குகளை மூன்று ஆண்டுகள் விற்க முடியாமல் பூட்டியும் வைத்தார்கள். விலை இறங்கும்போது மதிப்பும் கூடவே இறங்குகிறதா என்று பார்க்காமல் வாங்குவதற்கும் மதிப்பு முதலீட்டுக்கும் சம்பந்தம் கிடையாது.

எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகம் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. 2021-22 தொடங்கி மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணம் இழந்தார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று 2024 செப்டம்பரில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியே ஆய்வு வெளியிட்டது. தறிப்பட்டறையில் இரவு ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்த காசு அதில் போவதைப் பார்க்க வயிறு எரிகிறது. நிறுத்திவிடுங்கள்.

இவ்வளவு படிக்க நேரமில்லை என்று சொல்லும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அது குற்றமில்லை. தன் நேரத்தை இதில் செலவிட முடியாதவர், முடிந்தவர் என்று கிரஹாமே முதலீட்டாளர்களை இரண்டாகப் பிரித்து, முன்னவருக்கு எளிய வழியைத்தான் சொன்னார். பஃபெட் தன் மனைவிக்கு விட்டுச்செல்லும் பணத்தில் 90 சதவீதத்தைச் செலவு குறைந்த இன்டெக்ஸ் ஃபண்டில் போடச் சொல்லியிருப்பதாக 2013-ஆம் ஆண்டுக்கான கடிதத்தில் எழுதியிருக்கிறார். மாதாமாதம் அப்படி ஒரு ஃபண்டில் போட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். டெலிகிராம் டிப்ஸைவிட அது எவ்வளவோ மேல். அரைகுறையாகப் படித்துவிட்டுப் பங்கு பொறுக்குவதுதான் இரண்டும் கெட்டான் நிலை.

படிக்கத் தயாராக இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மார்ச்சில் கணக்கு முடிக்கும் கம்பெனிகள் செப்டம்பர் 30-க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்தியாக வேண்டும். கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்பே ஆண்டறிக்கையும் அழைப்பும் உங்கள் மின்னஞ்சலுக்கு வரும். 2020-லிருந்து பல கம்பெனிகள் கூட்டத்தை வீடியோவில் நடத்துகின்றன. ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் பேசுவதற்குப் பதிவு செய்யலாம், எப்படி என்று அழைப்பிலேயே இருக்கும். பெரும்பாலான கூட்டங்களில் நாலு பேர் எழுந்து தலைவரைப் பாராட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நம் பக்கத்து மில்களிலும் இயந்திரக் கம்பெனிகளிலும் பங்கு வைத்திருக்கிறவர்கள், நூல் கவுன்ட் என்றால் என்ன, தறி என்ன சத்தம் போடும் என்று தெரிந்தவர்கள் நீங்கள். மும்பை அனலிஸ்ட்டுக்குத் தோன்றாத கேள்வி உங்களுக்குத் தோன்றும். இந்த ஆண்டு ஆளுக்கு ஒரு கம்பெனியின் அறிக்கையை முழுதாகப் படித்து, அதில் புரியாத ஒன்றைக் கூட்டத்தில் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்